கொழும்புப் பக்கம் வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்கள் – எங்கட பக்கம் எத்தனை பேர்?

கனகராயன்குளத்தான் – ஞாயிறு இரவு 8.10

போன கிழமை விடியப்புறம் நாலரைக்குத் தங்கச்சி கொழும்பு பஸ்ஸால் வந்து இறங்கினாள். ஒரு பயணப் பை, ஒரு ரைஸ் குக்கர், பெட்சீற்றில் சுற்றிக் கட்டிய மேசை விசிறி. போர்டிங் அறையில் அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான். வழமையாகத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவாள். ரைஸ் குக்கரைக் கண்டதுமே அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

கம்பஹா மாவட்டத்தில் ஒரு காமென்ற்ஸில் (ஆடைத்தொழிற்சாலையில்) 6 வருடம் மெஷின் ஒப்பரேற்றராக இருந்தாள். 2020 ஒக்ரோபரில் மினுவாங்கொடை கொரோனாக் கொத்தணி என்று ஆடைத்தொழிற்சாலைப் பிள்ளைகளை எல்லோரும் ஒதுக்கிப் பார்த்த காலத்திலும் அவள் வேலையை விடவில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது ஞாபகம் இருக்கும். பிறகு அது 30 ஆகி, ஓகஸ்ட்டில் 20இல் வந்து நின்றது. ஆனால் இவளுடைய இடத்தில் ஏப்ரலுக்குப் பிறகு ஓ.டி. (மேலதிக நேர வேலை) இல்லை, சனிக்கிழமை வேலையும் இல்லை. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் அவளுடைய லைனில் (தையல் வரிசையில்) இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராக அலுவலக அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சிங்களத்தில் ஒரு கடிதம். "கையெழுத்து வைத்தால் இன்றைக்கே 60,000 ரூபா, வைக்காவிட்டால் எப்ப கிடைக்கும் என்று சொல்ல முடியாது." அவள் வைத்துவிட்டாள்.

கடிதத்தின் பிரதியைச் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "எனது சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று இருக்கிறதாம்.

எங்கள் ஊரில் மட்டும் இந்த மூன்று மாதத்தில் மேல் மாகாணத்திலிருந்து திரும்பியவர்கள் எட்டுப் பேர் என்று எண்ணிப் பார்த்தேன். காமென்ற்ஸில் நாலு பேர், வத்தளையில் ஹோட்டலில் ஒருவர், புறக்கோட்டையில் புடவைக்கடையில் இரண்டு பேர், கட்டட வேலையில் ஒருவர். உங்கள் ஊர்களில் எப்படி? தங்கச்சியின் கடிதத்துக்கு இனி ஏதும் செய்யலாமா? விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமந்தை_அக்கா – ஞாயிறு இரவு 8.35

தம்பி, தங்கச்சியை முதலில் நித்திரை கொள்ள விடுங்கள். வந்த அடுத்த நாளே "இனி என்ன செய்யப் போகிறாய்" என்று ஆரும் கேட்க வேண்டாம். நானும் கட்டுநாயக்காவில் 9 வருடம் இருந்து வந்தவள். அந்தக் கேள்விதான் என்னை அதிகம் நோகடித்தது.

எங்கள் பக்கம் திரும்பியவர்கள் என்று எனக்குத் தெரிந்து ஐந்து பேர். எல்லோரும் பெண் பிள்ளைகள்.

அவரிவத்தை_போர்டிங் – ஞாயிறு இரவு 9.20

நான் புதுக்குடியிருப்பு. இன்னும் கட்டுநாயக்காவில்தான் இருக்கிறேன். எங்கள் போர்டிங்கில் வரிசையாக 14 அறை. போன வருடம் இந்த நேரம் ஒரு அறையில் மூன்று பேர் படுத்தோம். இப்போது ஐந்து அறை பூட்டிக் கிடக்கிறது. முன்னால் இருந்த சாப்பாட்டுக்கடை அம்மா காலையில் 60 பார்சல் கட்டுவா, இப்ப 25.

2025 மே மாதம் இங்கே நெக்ஸ்ட் ஆடைத்தொழிற்சாலையை மூடினார்கள், 1,416 பேருக்கு வேலை போனது. அது பெரிய செய்தி, எல்லோருக்கும் தெரியும். அந்த நிறுவனத்துக்குப் புத்தளம் மாவட்டத்தில் உள்ள தொழிற்சாலைகள் மூடப்படவில்லை, கட்டுநாயக்காவில் இருந்ததுதான் போனது. செலவு கூடிப்போனது என்றுதான் காரணம் சொன்னார்கள். 1978இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம் இது. நாட்டின் முதல் வலயம். எங்கள் அம்மா வயது ஆட்கள் இங்கே உழைத்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேற்றுகளில் "ஆட்கள் தேவை" என்ற பலகை இன்னும் தொங்குகிறது. போய்க் கேட்டால் நிரந்தர வேலை இல்லை, ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் மான்பவர் ஏஜென்சி மூலம் நாள் சம்பளம். விடிய ஆறு மணிக்குச் சந்தியில் வான் வந்து நிற்கும், இன்றைக்கு இத்தனை பேர் காணும் என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். ஏறக் கிடைக்காதவர்கள் திரும்பி அறைக்கு வருவார்கள். நேற்று அப்படித் திரும்பி வந்த பிள்ளை கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை ஏழரைக்குக் கட்டிலில் இருந்து சாப்பிட்டாள். ஆறு வருடம் நிரந்தர வேலையில் இருந்தவள் அவள்.

பழைய_தொழில்_உத்தியோகத்தர் – ஞாயிறு இரவு 10.05

கனகராயன்குளம் தம்பிக்கு,

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கையில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஆட்குறைப்புச் செய்வதென்றால் முதலாளி நினைத்தபடி செய்ய முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலைமுடிவுறுத்தல் சட்டம் இருக்கிறது. இரண்டே வழிதான். ஒன்று, தொழிலாளி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். அனுமதி வாங்கப் போனால் நட்டஈடு எவ்வளவு என்பதைத் திணைக்களம் சூத்திரப்படி தீர்மானிக்கும். முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6ஆம் வருடத்திலிருந்து 14 வரை வருடத்துக்கு இரண்டு மாதம், அதற்குப் பிறகு படிப்படியாகக் குறையும்.

தங்கச்சிக்கு 6 வருடம். பன்னிரண்டரையும் இரண்டும் பதினாலரை மாதச் சம்பளம். மாதம் 30,000 என்று வைத்தால் 435,000 ரூபா. இதற்குப் புறம்பாக 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி பணிக்கொடை: 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், அதாவது 90,000. பணிக்கொடை அவள் தானாக விலகினாலும் கிடைக்க வேண்டியது, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கையில் தந்த 60,000 பணிக்கொடைக்கே காணாது.

"சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற கடிதத்தை ஏன் நீட்டினார்கள் என்று இப்போது விளங்கும். அந்த ஒரு வரியால் ஆட்குறைப்பு, ராஜினாமா ஆகிவிடுகிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் இப்படியான கடிதங்களைக் கட்டுக் கட்டாகக் கண்டிருக்கிறேன். எல்லாம் ஒரே வசனம், ஒரே தட்டச்சு, ஒரே திகதி. நாற்பது பேர் ஒரே நாளில் சொந்த விருப்பத்தோடு விலகுவார்களா?

செய்யக்கூடியது: வேலை முடிந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது, எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், யார் யார் அறையில் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் அவளுடைய கையெழுத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள். இரண்டு மாதம் போனால் ஞாபகம் மங்கிவிடும். நியமனக் கடிதம், சம்பளச்சீட்டு, ஊழியர் சேமலாப நிதியின் பீ காட் (உறுப்பினர் அட்டை), வரவு பதியும் அட்டை இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். கடைசி 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை உண்டு, அவளுக்கு அது பிரச்சினையில்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். சிங்களத்தில் எழுதினால்தான் எடுபடும் என்று ஆரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கையெழுத்து வைத்தது ஒரு பலவீனம்தான், மறைக்கவில்லை. சம்மதம் என்று காட்டுவார்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய கடிதம், ஒரே நாளில் ஒரு முழு லைன் என்பவற்றைச் சேர்த்து வைத்தால் பேச இடமுண்டு. அவளோடு அன்று கையெழுத்து வைத்த மற்றப் பிள்ளைகளைக் கண்டுபிடியுங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம்.

இரணைமடு_மேசன் – திங்கள் காலை 6.15

இதை வாசித்து இரவு நித்திரை வரவில்லை. தங்கச்சிக்குக் கடிதமாவது ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அதுவும் இல்லை.

நான் மேசன் வேலை பழகியது இந்திய வீட்டுத் திட்டத்தில். 2012இல் தொடங்கி வன்னி முழுக்க வீடு கட்டினார்கள், ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம். போர் முடிந்து முகாமிலிருந்து வந்த பெடியள் நாங்கள், ஆளுக்கொரு சாந்தகப்பையோடு இறங்கினோம். முதலில் எங்கள் வீடு, பிறகு பக்கத்து வீடு, பிறகு அடுத்த ஊர். மூன்று நாலு வருடத்தில் நல்ல மேசன்மார் ஆகிவிட்டோம். அப்புறம் திட்டம் முடிந்தது. கை பழகியிருக்கிறது, கட்ட வீடில்லை. அந்த நேரம் வெள்ளவத்தை, தெகிவளையில் தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. 2016இல் ஒரு கொன்ராக்காரரோடு பதினொரு பேர் போனோம்.

கொழும்புக் காசு நல்ல காசு. அதைப் பொய் சொல்ல மாட்டேன். கிணறு கட்டினேன், அக்காவுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். 2022இல் டொலர் இல்லை என்று சீமெந்தும் கம்பியும் ரைல்ஸும் வராமல் நின்றது. 50 கிலோ சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. அந்த வருடம் நாட்டில் கட்டுமானத்துறை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது என்று பிறகு பேப்பரில் பார்த்தேன். எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம் தரவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாம் வெள்ளி கொன்ராக்காரரின் போன் வேலை செய்யவில்லை. ஏழாம் மாடியில் சுவர் பூச்சு பாதி, தூக்குக்குண்டும் மட்டமும் சாந்தகப்பையும் சைற் அறைக்குள் வைத்துப் பூட்டு. காவலாளி உள்ளே விடவில்லை. அந்தச் சாந்தகப்பை என் முதல் வீட்டுக் காசில் வாங்கியது, பிடி தேய்ந்து என் கைக்கு அளவாக வந்திருந்தது. அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

மூன்று கிழமைச் சம்பளம் இன்னும் வரவில்லை. எந்தக் கட்டடம், எந்தக் கம்பெனி என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. இப்ப ஊரில் மலசலகூடம், மதில், கிணற்றுக்கட்டு என்று கிடைப்பதைச் செய்கிறேன். நெல் வித்த பிறகு தாறன் என்பார்கள். அவர்களில் பிழையில்லை, அவர்களிடமும் காசு இல்லை.

பழைய_தொழில்_உத்தியோகத்தர் – திங்கள் காலை 7.40

மேசன் தம்பி, நாட்கூலி என்றாலும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். கட்டட வேலையில் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை என்பதையும் அறிவேன். 2022இல் நடந்ததை ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் இப்போது கேட்பது கஷ்டம், உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர விரும்பவில்லை. இனி வேலைக்குப் போனால் சைற்றின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று போனில் ஒரு படம், ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஒரு வரி. இவ்வளவாவது வைத்துக்கொள்ளுங்கள். கீழ்க் கொன்ராக்காரர் ஓடினாலும் மேலே உள்ள கம்பெனியைக் கேட்க அது உதவும்.

மல்லாவி_கமக்காரன் – திங்கள் மத்தியானம் 12.30

எல்லோருடைய கதையும் மனதைத் தொடுகிறது. ஆனால் நான் நினைப்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஏன் போக வேண்டும்? காணி இருக்கிறது, குளம் இருக்கிறது. காலபோக நெல் விதைப்புத் தொடங்கப் போகிறது, எங்கள் பக்கம் வரம்பு கட்ட ஆள் பிடிக்க முடியவில்லை. ஒரு ஏக்கருக்கு மருந்தடிக்க ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தேன். பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அங்கே கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகிறோம். அந்த ஊர் எங்களை நம்பி இருக்கவில்லை, நாங்கள்தான் அதை நம்பிப் போனோம்.

ஓமந்தை_அக்கா – திங்கள் மாலை 5.50

மல்லாவி அண்ணை, கோவிக்காமல் கேளுங்கள்.

வரம்பு கட்ட வருடத்தில் எத்தனை நாள் ஆள் வேண்டும்? விதைப்பில் கொஞ்ச நாள், களை பிடுங்கக் கொஞ்ச நாள். அருவி வெட்டை (அறுவடையை) இப்போது மெஷின் செய்கிறது. மிச்ச நாள் அந்தப் பிள்ளை என்ன சாப்பிடும்? அதுவும் காணி உள்ளவர்களுக்கு. எங்கள் அப்பா காணாமல் போனவர். அம்மாவின் பெயரில் அரை ஏக்கர் மேட்டுக்காணி. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது அதில் போட்ட உழுந்துக்கு வாங்கிய நுண்கடனை நான் கட்டுநாயக்காவில் ஓ.டி. செய்துதான் கட்டினேன். கடன்காரர் கிழமைக்கு ஒரு முறை வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள், அம்மா பின்பக்கத்தால் கோயிலுக்குப் போய்விடுவா. நான் போகாமல் இருந்திருந்தால் அந்த அரை ஏக்கரும் மிஞ்சியிராது.

இப்போது நான் உள்ளூரில் ஒரு ஆடைத்தொழிற்சாலையில் இருக்கிறேன். போர் முடிந்த பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இவை வந்தது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். விடிய ஐந்து மணிக்கு ஒழுங்கை முகப்பில் பஸ். இரவு வீட்டில் சாப்பாடு. போர்டிங் காசு இல்லை. கட்டுநாயக்காவில் எடுத்ததை விடக் கையில் வருவது குறைவு, ஆனால் மாத முடிவில் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒன்றுதான். சரி, நல்லது. ஆனால் இங்கேயும் தைப்பது அதே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் துணி. நாட்டின் ஆடை ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. வரிச் செய்தி வந்த கிழமை எங்கள் லைனிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகவே போனது பிழை என்று அந்தத் தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம் அண்ணை.

மல்லாவி_கமக்காரன் – திங்கள் இரவு 7.05

பிள்ளை, நீர் சொல்வது சரி. காணி இல்லாதவர்களை நான் யோசிக்கவில்லை. மன்னித்துக்கொள்ளும்.

புள்ளிவிபரம்_வவுனியா – திங்கள் இரவு 9.15

நான் வவுனியாவில் படிக்கிறேன். எல்லோரும் ஊரில் எண்ணிச் சொல்கிறீர்கள், அதனால் ஒன்றை எழுத வேண்டும் போல் இருந்தது.

நாட்டின் வேலையின்மை வீதம் 5 வீதத்துக்குக் கீழே என்று செய்திகளில் வரும். 2022, 2023இல் பொருளாதாரம் அப்படிச் சுருங்கியபோதும் அது பெரிதாகக் கூடவில்லை. காரணம் எண்ணும் முறையில் இருக்கிறது. கணக்கெடுக்கும் கிழமையில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் உள்ளவர். சம்பளம் இல்லாமல் வீட்டாரின் தோட்டத்தில் உதவினாலும் வேலையில் உள்ளவர்தான். மற்ற நாடுகளிலும் பெரும்பாலும் இப்படியான வரைவிலக்கணம்தான், ஒருவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. ஆனால் மேசன் அண்ணை மாதத்தில் ஆறு நாள் மதில் கட்டினால் அவர் வேலையற்றவர் இல்லை. கனகராயன்குளம் அக்கா நாளைக்கு அம்மாவோடு கத்தரிக்குத் தண்ணீர் விட்டால் அவவும் இல்லை. தண்ணீரும் விடாமல், வேலையும் தேடாமல் வீட்டில் இருந்தால் தொழிற்படையிலேயே சேர்க்க மாட்டார்கள். நாட்டில் பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள் என்று சொல்வதில் மற்ற இரண்டு பங்குக்குள் போய்விடுவா.

இன்னொன்று, இவர்கள் வேலை இழந்தது கம்பஹாவில், கொழும்பில். வந்து நிற்பது வன்னியில். அங்கே எண்ணும்போது ஆள் இல்லை. இங்கே எண்ணும்போது தோட்டத்தில் நிற்கிறார். தொழிற்சாலையின் பதிவில் ராஜினாமா. இந்த எட்டுப் பேரும் எந்தப் பட்டியலிலும் வேலை இழந்தவர்களாக இல்லை. நீங்கள் எண்ணியதுதான் இருக்கிற கணக்கு, அண்ணை. எந்த ஊர், என்ன வேலை, எப்போது திரும்பினார் என்று மட்டும், பெயர் இல்லாமல், எல்லோரும் இங்கே எழுதினால் நான் தொகுத்துத் தருகிறேன்.

பரந்தன்_வாசி – செவ்வாய் காலை 8.00

அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் இருந்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். சண்டையோடு அது நின்றது. பிறகு நாங்கள் எல்லாம் வேலைக்குத் தெற்கே பார்க்கப் பழகிவிட்டோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் பரந்தனிலும் மாங்குளத்திலும் காங்கேசன்துறையிலும் கைத்தொழில் வலயம் என்றார்கள். அதே வருடம் மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்தார்கள், மே மாதமே தொழிலாளர்கள் வாசலில் நின்று போராட வேண்டி வந்தது. வலயம் வரட்டும், வேண்டும். ஆனால் நாள் சம்பள வான் அங்கேயும் வந்து நிற்கக்கூடாது. அதை இப்போதே கேட்க வேண்டும், கட்டி முடித்த பிறகு அல்ல.

பரந்தனில் திரும்பியவர்கள்: காமென்ற்ஸ் மூன்று, வெள்ளவத்தை நகைக்கடை ஒன்று. இவர்களில் ஒருவர் கட்டாருக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டார்.

முள்ளியவளை_தாய் – செவ்வாய் காலை 10.20

மகன் பியகமவில் இருந்து ஜூலையில் வந்தான். மூன்று வருட வேலை. இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்தான். இப்போது குவைத்துக்குப் போகிறேன் என்கிறான், ஏஜென்சிக்குக் கட்ட என் காதுத் தோட்டைக் கேட்கிறான். 2022இலிருந்து வருடத்துக்கு மூன்று இலட்சம் பேரளவில் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். என்னுடைய ஒருவனையும் அதில் சேர்க்கவா என்று இருக்கிறது. அவனுக்கும் அந்த நட்டஈடு கிடைக்குமா ஐயா?

பழைய_தொழில்_உத்தியோகத்தர் – செவ்வாய் காலை 11.00

அம்மா, ஜூலை என்றால் ஜனவரி வரை நேரம் இருக்கிறது. அவனாக விலகினானா, விலக்கினார்களா என்பதைப் பொறுத்தது. தோட்டை இப்ப கழற்ற வேண்டாம். முதலில் அவனிடம் உள்ள கடிதங்களை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். நம்பிக்கை நிதியில் சேர்ந்திருப்பதையும் வேலை விட்டவர் எடுக்கலாம், அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கனகராயன்குளத்தான் – புதன் இரவு 8.45

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி இரண்டு நாளாக இந்த இழை முழுக்க என் போனில் வாசித்தாள். ஓமந்தை அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு ஒரு கொப்பி கேட்டாள். அன்றைக்கு நடந்ததை நாலு பக்கம் எழுதியிருக்கிறாள், நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கூப்பிட்ட நேரம் 2.20 என்று எழுதியிருக்கிறாள். எப்படி ஞாபகம் என்று கேட்டேன். தேநீர் நேரத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது, தைத்துக்கொண்டிருந்த கொலரை மெஷினிலேயே விட்டுவிட்டு எழும்பினேன் என்றாள்.

கீழே அவளே எழுதுகிறாள்.

ஐயா, அக்காமார், அண்ணாமார், வணக்கம். என் லைனில் வன்னிப் பிள்ளைகள் ஏழு பேர் இருந்தோம். நெடுங்கேணி இரண்டு, செட்டிகுளம் ஒன்று, மாங்குளம் ஒன்று, துணுக்காய் இரண்டு, நான். நாலு பேருடன் கதைத்துவிட்டேன். துணுக்காய்ப் பிள்ளைகளின் நம்பர் மாறிவிட்டது. இதை வாசிக்கிற ஆருக்காவது அவர்களைத் தெரிந்தால், ஒரே நாளில் கையெழுத்து வைத்த ஆறாம் லைன் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு வவுனியாவில் தொழில் அலுவலக வாசலில் நிற்போம். சம்பளச்சீட்டு ஒன்றாவது இருந்தால் எடுத்து வரச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் வரச் சொல்லுங்கள்.